மளிகைக் கடை வெச்சிருக்கேன், 5 கடைக்கு நடுவுல நம்ம கடை எப்படி தனியா தெரியும்?

திங்கன்ஜூன் மளிகை:
எல்லாருக்கும் வணக்கம். யாங்கோன்ல (பழைய ரங்கூன்) திங்கன்ஜூன் பக்கம் நானும் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வெச்சிருக்கோம், மாமனார் ஆரம்பிச்ச கடை, நாங்க பாக்க ஆரம்பிச்சு 11 வருஷம் ஆச்சு. எங்க தெருவுல மட்டும் 5 கடை இருக்கு, அஞ்சுலயும் அதே எண்ணெய் அதே சோப்பு அதே காபிமிக்ஸ் பாக்கெட்டு. இப்ப முக்குல கண்ணாடிக் கதவும் ஏசியுமா ஒரு மினிமார்ட் வேற திறந்துட்டாங்க. நாங்க விலைய குறைச்சோம், அவங்களும் குறைச்சாங்க, மறுபடி நாங்க குறைச்சோம், இப்ப சில சாமான் வாங்குன விலைக்கே போகுது. விலை கம்மியா குடுக்கறதுதான் எங்க பலம்னு இத்தன வருஷம் நம்பிட்டு இருந்தேன், அதுவும் இல்லன்னா வேற என்னதான் இருக்குன்னு ராத்திரி தூக்கம் வரல. யூடியூப்ல எல்லாம் நீஷ் நீஷ்னு சொல்றாங்க, ஒரு சின்ன வகைய மட்டும் பிடிச்சுக்கோன்னு. மளிகைக் கடைல எதைப் பிடிக்கறது? ஆர்கானிக் அரிசி, தேன்னு போடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பெகு மொபைல்:
அக்கா ஆர்கானிக் எல்லாம் உடனே இறங்கிடாதீங்க. நான் பெகுல போன் ரிப்பேர் கடை. ஊர்ல எல்லாரும் போன் கவர், டெம்பர்டு கிளாஸ், இயர்போன்னு அடுக்கி வெச்சு நல்லா ஓட்டுறாங்கன்னு நானும் போட்டேன், ஒரே வருஷத்துல கைல இருந்த காசு மொத்தமும் கவரா தொங்குச்சு. அந்த யாவாரத்துக்கு வாய் வேணும் அக்கா, வந்தவங்ககிட்ட சிரிச்சுப் பேசி இன்னொண்ணு வாங்க வைக்கணும், எனக்கு அது வராது, சின்ன வயசுலேந்தே வராது. எனக்கு வர்றது என்னன்னா மைக்ரோஸ்கோப் வெச்சுகிட்டு ஒரே போர்டுல மூணு மணி நேரம் அசையாம உக்காந்து ஷார்ட் எங்கன்னு தேடறது. அத ஒரு திறமைன்னே நான் நினைச்சதில்ல, பொறுமைதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் பக்கத்து ரிப்பேர் கடைக்காரர் ஒருத்தர், தன்னால முடியாத போர்டு ஒண்ண என்கிட்ட குடுத்தாரு, சரி பண்ணிக் குடுத்தேன், அடுத்த வாரம் நாலு குடுத்தாரு. இப்ப கவர் வியாபாரமே இல்ல, எனக்கு வர்ற வேலைல பாதிக்கு மேல மத்த ரிப்பேர் கடைலேந்துதான் வருது. முன்னாடி போட்டின்னு யாரப் பாத்து பயந்தேனோ அவங்கதான் இப்ப எனக்கு கஸ்டமர்.

அதனால எது நல்லா ஓடுதுன்னு வெளிய பாக்காதீங்க. உங்க கைக்கு எது சுலபமா வருதோ, மத்தவங்க எதுக்கு திணறுறாங்களோ, அது ரெண்டும் சேர்ற இடம் எங்க இருக்குன்னு பாருங்க.

தட்டோன் தையல்:
தம்பி சொன்னதுல நான் ஒண்ணு சேர்க்கணும். கைக்கு வர்றது வேற, மனசுக்குப் பிடிச்சது வேற. எனக்கு எம்பிராய்டரின்னா உயிரு, ஒரு ஜாக்கெட்டுக்கு பத்து நாள் உக்காந்து பூ போடுவேன், ஆனா தட்டோன்ல அதுக்கு காசு குடுக்கற ஆள் வருஷத்துல ரெண்டோ மூணோதான். என்கிட்ட ஜனங்க தேடி வந்தது வேற ஒண்ணுக்கு. அளவு ஜாக்கெட் கொண்டு வரலன்னாலும் ஆளப் பாத்து, நாலு அளவு எடுத்து, முதல் தடவையே உடம்புல உக்கார்ற மாதிரி தெச்சுடுவேன். பர்மாக்கார பொண்ணுங்க கல்யாணத்துக்கோ ஸ்கூல் டான்ஸுக்கோ முதல்தடவ சேலை கட்டும்போது அவங்ககிட்ட அளவு ஜாக்கெட் ஏது? எனக்குப் பிடிச்சத வெச்சே ரெண்டு வருஷம் போராடுனேன், ரெண்டு வருஷமும் வீணாத்தான் போச்சு, அத நினைச்சா இன்னும் வருத்தமா இருக்கு.

பிரேசர் தெரு கணக்கர்:
தங்கச்சி, நான் அனோரத்தா ரோட்டுல சின்ன கடைங்களுக்கு கணக்கு எழுதறவன் (எங்க வீட்ல இன்னும் பிரேசர் தெருன்னுதான் சொல்லுவோம், அதான் இந்த பேரு). "என் பலம் விலை" அப்படின்னு எழுதியிருக்கீங்க. நான் பாத்த கடைக்காரங்க பத்து பேர்ல எட்டு பேர் இதையேதான் சொல்லுவாங்க, கணக்குப் புக்க திறந்து பாத்தா அது பொய்யா இருக்கும், அவங்க வேணும்னு பொய் சொல்லல, தன்ன தானே சரியா பாத்ததில்ல அவ்வளவுதான். மினிமார்ட் மொத்தமா லாரில இறக்குறான், அவனோட உங்களால விலைல மோத முடியாது, பலமே இல்லாத இடத்துல நின்னு சண்ட போட்டுட்டு இருக்கீங்க.

ஒண்ணு பண்ணுங்க. கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டு வைங்க. என்ன வாங்குனாங்கன்னு எழுத வேண்டாம், அது பில்லுலயே இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்க, என்ன கேட்டு போன் பண்ணாங்க, தூரத்துலேந்து வந்தவங்க யாரு, எதுக்கு வந்தாங்க, இத மட்டும் ரெண்டு வாரம் எழுதுங்க. அடுத்த தெரு ஆள் உங்க கடைக்கு வர்றது பழக்கத்துலயா இருக்கலாம், ஆனா ரெண்டு பஸ் மாறி ஒருத்தர் வர்றாருன்னா அதுக்கு காரணம் இருக்கும்.

அப்புறம் உங்களுக்கு எது வராதுங்கறதையும் எழுதுங்க. அத எழுதத்தான் கை வராது, ஆனா நீங்க அவசியம் எழுதணும்.

மோல்மீன்காரர்:
அம்மா, நான் மோல்மீன்ல இருக்கேன், வயசு 71, நாப்பது வருஷம் பயறு புரோக்கர் வேலை பாத்தவன். நீங்க கேட்ட கேள்விக்கு நம்ம சனத்தோட பழைய கதை ஒண்ணு இருக்கு, பொறுமையா படிங்க.

எங்க தாத்தா ரங்கூன் மொகல் தெருவுல செட்டியார் கிட்டங்கில (வட்டித் தொழில் நடத்துன இடம்) கணக்குப்பிள்ளையா இருந்தவரு. செட்டியாருங்க எப்படி பர்மால அவ்வளவு பெருசா வந்தாங்க? வெள்ளைக்கார பேங்குக்கு வெள்ளாமை பண்ற சம்சாரி யாருன்னே தெரியாது, ஏற்றுமதிக் கம்பெனிக்குத்தான் குடுப்பான். நெல்லு போடறவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேணும், அவன்கிட்ட போய் உக்காந்து, அவன் குணம் என்ன, போன வருஷம் எப்படி கட்டுனான், மாமனார் வீடு எப்படின்னு தெரிஞ்சு குடுத்தது செட்டியார்தான். கடன் வாங்கற ஆள எடை போடறதுதான் அவங்க தொழிலு, நிலம் அவங்க தொழில் இல்ல. 1930 வாக்குல கீழ்பர்மா நெல் ஜில்லாங்கள்ல அவங்க கைல இருந்தது 6 சதவீத நிலம்தான். நெல் விலை விழுந்து கடன் திரும்பாம போனதும் அடமானம் வெச்ச நிலம் எல்லாம் இவங்க தலைல வந்து விழுந்துச்சு, 1937ல அது 25 சதவீதம். நெல்லு போட்டவனுக்கு நிலம் போச்சு, அந்த வயித்தெரிச்சலையும் சொல்லாம விடக்கூடாது, ஊரே இவங்கள வெறுத்துச்சு. இவங்களுக்கும் அந்த நிலத்த வெச்சு என்ன பண்றதுன்னு தெரியல. அப்புறம் யுத்தம், சுதந்திரம் வந்ததும் 1948ல நில தேசியமயச் சட்டம், எல்லாம் போச்சு.

ஏன் சொல்றேன்னா, தனக்குத் தெரிஞ்ச வேலைல நின்ன வரைக்கும் அவங்கள அசைக்க ஆள் இல்ல. உங்களுக்கு என்ன தெரியும்னு முதல்ல கண்டுபிடிங்க. மினிமார்ட்காரன் ஏசி போட்டா போட்டுட்டுப் போகட்டும்.

திங்கன்ஜூன் மளிகை:
18 நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். கணக்கர் அண்ணே சொன்ன மாதிரி நோட்டு போட்டேன். எழுதுனத படிச்சிட்டு நானே அப்படியே உக்காந்துட்டேன்.

மொத்தம் 41 போன் வந்திருக்கு. அதுல விலை கேட்டது 7. சாமான் இருக்கா இல்லையான்னு கேட்டது 5. மிச்சம் 29 போனும் ஒரே கேள்விதான் அண்ணே, "அக்கா 150 பேருக்கு எவ்வளவு பருப்பு", "காதுகுத்துக்கு 80 பேரு, அரிசி எத்தன பியி" (பியின்னா இந்த ஊர் படி), "பாட்டி நோட்டுல வீசைன்னு போட்டிருக்கு அது எத்தன கிலோ". நான் பாட்டுக்கு இட்லிக்கு அரைச்சுகிட்டே பதில் சொல்லிட்டு வெச்சுடுவேன், இது ஒரு வேலைன்னே எனக்குத் தெரியாது. மாமனார் கோயில் சமையலுக்கு சாமான் போட்டவரு, அவர் பக்கத்துல உக்காந்து கல்யாணம் ஆன புதுசுலேந்து எழுதி எழுதி அது கைல வந்துருச்சு.

எப்படின்னு சொல்றேன். தலைக்கு 120 கிராம் அரிசி, சாம்பார் பருப்பு 30 கிராம். 300 பேருன்னா 36 கிலோ அரிசி, 9 கிலோ பருப்பு. ஆனா நம்ம ஊர்ல யாரு கிலோல வாங்குறா? அரிசி ஒரு கூடைன்னா 16 பியி, 34 கிலோ வரும், அதனால 300 பேருக்கு ஒரு கூடையும் மேல ஒரு பியியும், முடிஞ்சுது. பருப்பு வீசைல, ஒரு வீசை 1.63 கிலோ, 9 கிலோன்னா அஞ்சரை வீசை. ஒரு பியிக்கு 8 பால் டப்பா, வீட்டுல அளக்கறவங்களுக்கு அப்படி சொல்லணும். இதுல ஒரு வம்பு என்னன்னா இந்தியால நம்ம பெரியவங்க காலத்து வீசை 1.4 கிலோதான், பேரு ஒண்ணுதான் எடை வேற. போன வருஷம் ஒரு பொண்ணு கொள்ளுப்பாட்டி சிவகங்கைலேந்து கொண்டு வந்த நோட்ட பாத்து இந்த ஊர் வீசைல பருப்பு போட்டுருச்சு, ஆறுல ஒரு பங்கு கூட போயி சாம்பார் கூட்டு மாதிரி ஆயிருச்சுன்னு அழுதுகிட்டே போன் பண்ணுச்சு.

கணக்கு மட்டும் போதாது, நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். மத்தியானமா ராத்திரியா, சின்னப் பிள்ளைங்க எத்தன, பிரியாணி இருக்கா, பர்மாக்கார விருந்தாளி எத்தன பேரு. அவங்க நிறைய வர்ற பந்தின்னா அரிசிய கூட்டி சாம்பார குறைக்கணும், இல்லன்னா கடைசி பந்திக்கு சோறு இருக்காது அண்டால சாம்பார் நிக்கும்.

தூரத்துலேந்து வந்தவங்க 6 பேரு, ஆறு பேரும் சமையல்காரங்க இல்லன்னா கோயில் ஆளுங்க. விலை கம்மின்னு வந்தேன்னு ஒருத்தர்கூட சொல்லல.

கமாயுட் சமையல்காரன்:
அக்கா அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தன், இங்க பாத்து ஆச்சரியமா இருக்கு. ஏன் உங்ககிட்ட வர்றேன்னு நானே சொல்லிடறேன். தெய்ன்ஜி ஸேல (சூரத்தி பஜார்) உங்கள விட விலை கம்மிதான், எனக்கும் தெரியும். ஆனா அங்க போனா நான் சொன்னத கட்டிக் குடுப்பாங்க, நான் தப்பா சொன்னா தப்பாவே கட்டுவாங்க. நீங்க "தம்பி இந்த ஆளுக்கு இந்த பெருங்காயம் பத்தாது", "புளி இந்த தடவ புதுசு, கொஞ்சம் குறைச்சுப் போடு"ன்னு சொல்லுவீங்க. சமையல் வேலைல சாமான் மிஞ்சுனா என் காசு போகும், பத்தாம போனா என் மானமே போயிரும். ஒரு வீசைக்கு நூறு எரநூறு கியாட் கூட குடுத்தாலும் எனக்கு அதுதான் லாபம். இதுக்கு நீங்க தனியா காசு வாங்கலயேன்னு எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

பிரேசர் தெரு கணக்கர்:
தங்கச்சி ரொம்ப சந்தோஷம், ஆனா நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போறேன், கோச்சுக்க வேண்டாம். கூட்டத்துக்கு சமைக்கறவங்களுக்கு சாமான், இதுதான் உங்க இடம்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா யாங்கோன்ல நம்ம சனம் எத்தன பேரு, அதுல விசேஷம் மாசத்துக்கு எத்தன? நோட்டுல வந்த 29 போன் எல்லாம் ஆர்டரா? சின்ன இடத்துல போய் நின்னுகிட்டு அது நிரம்பலன்னா என்ன பண்ணுவீங்க? சோப்பையும் காபிமிக்ஸையும் நாளைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க, தினக்கூலி அதுலதான் வருது.

திங்கன்ஜூன் மளிகை:
அண்ணே நியாயமான கேள்வி. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு ராத்திரி இதேதான் பேசுனோம். 29ல ஆர்டரா முடிஞ்சது 11. மிச்சம் பேரு கேட்டுட்டு வேற கடைல வாங்கியிருக்காங்க.

ஆனா நம்ம சனம் மட்டும்தான்னு நான் ஏன் நினைக்கணும்னு அப்புறம்தான் தோணுச்சு. பர்மாக்காரங்க வீட்டுல பையனுக்கு ஷின்பியூ (சின்னப் பையன மடத்துல துறவியாக்கற சடங்கு) பண்ணா, அஹ்லூ (தானம்) குடுத்தா, எரநூறு முந்நூறு பேருக்கு சாப்பாடு, அதுல டன்பாவ் (அவங்க பிரியாணி) போடறவங்க நிறைய பேரு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், மசாலா எல்லாம் நம்ம கடைங்கள்ல வாங்கறதுதானே. எவ்வளவு வேணும்னு அவங்களுக்கும் தெரியாது, குத்துமதிப்பா வாங்கிட்டுப் போவாங்க. அதனால என் இடம்னா தமிழ் சாமான்னு இல்ல, நூறு பேருக்கு மேல சமைக்கறவங்க யாரா இருந்தாலும் அவங்க.

இன்னொண்ணு காலண்டர வெச்சு பாத்தேன். பர்மா காலண்டர்ல வாஸோ மாசத்துலேந்து தாடின்ஜுட் மாசம் வரைக்கும் மூணு மாசம் அவங்க கல்யாணம் வெக்க மாட்டாங்க, எங்க கடைல எப்பவும் அந்த ஜூலை டு அக்டோபர்தான் மந்தம்னு மாமனார் சொல்லுவாரு. ஆனா நம்ம ஆடிக்கூழு, புரட்டாசி சனிக்கிழமை, நவராத்திரி எல்லாம் அந்த மாசத்துலதானே வருது! தாடின்ஜுட் முடிஞ்சா அவங்க கத்தெயின் தானம் (பிக்குகளுக்கு துணி குடுக்கறது) ஆரம்பிக்குது. ரெண்டு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுனா வருஷத்துல காலி மாசம் கொஞ்சம்தான். 11 வருஷமா ரெண்டு காலண்டரும் கடைச் சுவத்துல தொங்குச்சு, ஒண்ணா வெச்சு பாக்கணும்னு தோணவே இல்ல.

மோல்மீன்காரர்:
அம்மா, காலண்டர் யோசனை ரொம்ப நல்லா இருக்கு, எனக்கு மனசு நிறைஞ்சுது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிடறேன், இது நான் அடிபட்டு கத்துகிட்டது.

நான் உளுந்த மட்டும் பிடிச்சவன். மட்பேல (உளுந்துக்கு வியாபாரப் பேரு) எஃப்ஏக்யூ எது எஸ்க்யூ எது, அதாவது சாதா தரம் எது உசந்த தரம் எதுன்னு கைல அள்ளுனாலே சொல்லிடுவேன், மத்த பயறு எல்லாம் விட்டுட்டேன், நல்ல பேரு, நல்ல காசு. ஆனா பர்மா சனம் உளுந்து அவ்வளவா சாப்பிடறதில்ல, அறுவடை ஆகறது பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகுது. அப்ப நான் பிடிச்ச சின்ன இடத்துக்கு வாசல் ஒண்ணே ஒண்ணுதான். 2017 ஆகஸ்ட்ல இந்தியா அந்த வாசல பாதி சாத்துச்சு, உளுந்தும் பச்சைப்பயறும் சேத்து வருஷத்துக்கு 3 லட்சம் டன், துவரை 2 லட்சம் டன், அதுக்கு மேல வேண்டாம்னு கட்டுப்பாடு போட்டாங்க. விலை விழுந்துச்சு பாருங்க, குடோன்ல இருந்த சரக்க பாத்துகிட்டே உக்காந்திருந்தேன். 2021ல மறுபடி தாராளமா விட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரைன்னு 5 வருஷ ஒப்பந்தமும் போட்டாங்க, ஆனா அதுக்குள்ள நான் தொழில விட்டு எறங்கிட்டேன்.

வேலை ஒண்ணா இருக்கலாம்மா, வாங்கற ஆள் ஒருத்தனா இருக்கக்கூடாது. நீங்க நம்ம கோயிலு, அவங்க அஹ்லூ ரெண்டையும் சேத்து யோசிச்சது எனக்கு அதனாலதான் பிடிச்சுது. ஒரே ஒரு பெரிய கேட்டரிங்காரர் வந்து முழுசா எனக்கே போடுங்கன்னு சொன்னா, சந்தோஷப்படுங்க, ஆனா சரின்னு சொல்லாதீங்க.

பெகு மொபைல்:
ஐயா இது எனக்கும் உறைக்குது, எனக்கு வர்ற போர்டுல பாதி ஒரே கடைலேந்துதான். நாளைக்கே வேற ரெண்டு கடைல போய் பேசறேன். (பேசறதுதான் எனக்கு கஷ்டம், ஆனா போறேன்.)

தட்டோன் தையல்:
திங்கன்ஜூன் அக்கா, கணக்கர் அண்ணே கேட்ட ரெண்டாவது கேள்விக்கு நீங்க பதிலே சொல்லல. உங்களுக்கு எது வராது?

திங்கன்ஜூன் மளிகை:
கவனிச்சுட்டீங்க தங்கச்சி. நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன், இங்க எழுத கூச்சமா இருந்துச்சு.

எனக்கு கடன் கேட்டா இல்லன்னு சொல்ல வராது. வசூல் பண்ணவும் வராது. விசேஷ வீட்டுல போய் எப்படி காசு கேக்கறதுன்னு விட்டுருவேன், அப்புறம் மாசம் ஓடிரும், அவங்களுக்கும் என் கடைக்கு வர சங்கடமாயிரும், காசும் போயி ஆளும் போயிரும். மொத்த ஆர்டர்ல இந்த மாதிரி நடந்தா கடைய மூட வேண்டியதுதான். இத சரி பண்ணிக்கறேன்னு 11 வருஷமா எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன், மாறல, இனியும் மாறும்னு நம்பல. அதனால காசு விஷயம் மொத்தமும் வீட்டுக்காரர் கைக்கு போயிருச்சு. கணக்கு போடறது நான், ஆர்டர் சீட்டுல கையெழுத்து அவரு, பாதி அட்வான்ஸ் வராம ஒரு சாக்கும் கட்ட மாட்டோம். கணக்கு கேக்க வர்றவங்களுக்கு காசு கிடையாது, ஆனா எழுதின சீட்டு நம்ம கடைல வாங்கறவங்களுக்குத்தான், போன்ல வாய்க்கணக்கா சொல்றத குறைச்சுட்டேன். முதல் வாரமே ஒரு சொந்தக்காரங்க கோச்சுகிட்டாங்க. ரெண்டு நாள் எனக்கு சாப்பாடே இறங்கல, ஆனா அவரு அசையல.

சோப்பு காபிமிக்ஸ் இருக்கு அண்ணே, தூக்கல. முன் ரேக்லேந்து பின்னாடி போயிருச்சு, அவ்வளவுதான். முன்னாடி இப்ப தராசும் கூடையும் பியிப் படியும் இருக்கு, சுவத்துல ரெண்டு காலண்டர்.

பிரேசர் தெரு கணக்கர்:
அட்வான்ஸ் சீட்டுக்கு கார்பன் பேப்பர் போட்டு ரெண்டு காப்பி வைங்க. மாசம் ஒரு தடவ அந்த நோட்டையும் தொடர்ந்து எழுதுங்க, கேள்வி மாறும், மாறுனா உடனே தெரியணும். இனி விலைய எப்ப குறைச்சீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடுங்க, வந்து சண்டை போடறேன்.

கமாயுட் சமையல்காரன்:
அக்கா இங்கயே கேட்டுடறேன். புரட்டாசி மூணாவது சனிக்கிழமை பெருமாள் கோயில் அன்னதானம், 450 பேரு, மத்தியானம், பிள்ளைங்க குறைவு, பர்மாக்காரங்க ஒரு முப்பது பேரு வருவாங்க. சோறு, சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், பாயசம். அட்வான்ஸோட நாளைக்கு காலைல வர்றேன்.

திங்கன்ஜூன் மளிகை:
அரிசி ஒரு கூடை, மேல ஒம்பதரை பியி. முப்பது பேருக்காக அரை பியி சேத்துக்கோங்க, பத்து பியியா போடறேன். துவரம்பருப்பு எட்டே கால் வீசை. ரசத்துக்கும் பாயசத்துக்கும் நேர்ல பேசணும், பாயசம் சேமியாவா பருப்பான்னு நீங்க சொல்லல. காலைல எட்டு மணிக்கு மேல வாங்க தம்பி, அவரு அப்பதான் கடைல இருப்பாரு.